அரிசி வந்து சேரும் வழி

நுழையும் முன்

வறுமை ஒழிப்புத் திட்டங்கள் தலைநகரில் உருவாகின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் உலையில் அரிசி விழுவதற்குள் அத்திட்டம் கடக்க வேண்டிய படிகள் பல. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிகளைக் கடந்த விதத்தைக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

தென் கொல்கத்தாவில் ஆதிகங்கையின் கரையில் உள்ளது டாலிகஞ்ச். தூர்ந்து கிடந்த அந்நீர்வழியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் கால்வாய்க்கும் ஊருக்கும் நிலைத்துவிட்டது. வங்காளத் திரைப்படங்களின் படப்பிடிப்புத் தளங்கள் இங்குதான் உள்ளன. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் அமைத்துக்கொண்ட நேதாஜி நகர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகளும் இங்குண்டு. தென் 24 பர்கானா மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் தென் கொல்கத்தாவுக்கு வருவோர் பலர். சிலர் நாள்தோறும் ரயிலில் வந்து திரும்புவர். சிலர் இங்கேயே சிறு அறை எடுத்துத் தங்கிவிடுவர்.

அவ்வாறு தங்கிவிட்ட பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். கணவனும் அவளும் டாலிகஞ்சில். பிள்ளைகள் ஊரில், மாமியாரிடம். குடும்ப அட்டையும் ஊரில்தான். மாதந்தோறும் அரிசி வாங்க ஊருக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். போகாவிட்டால் அவர்கள் இருவரின் பங்கு அரிசி போகும். சட்டம் அவளுக்கு அரிசி தருகிறது. அது எந்த ஊரில் அவள் கைக்கு வரும் என்பதே நெடுங்காலம் விடை காணாத கேள்வியாக இருந்தது.

இந்நகரம் இக்கேள்வியை முன்னரே, மிகக் கொடிய வடிவில், கண்டிருக்கிறது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். நகரின் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு உணவு கிடைக்க ஆங்கில அரசு வழி செய்திருந்தது. நெல்லை விளைவித்த கூலியாள் கணக்கில் வரவில்லை. அவர்கள் கொல்கத்தாத் தெருக்களுக்கு வந்து வீடுவீடாகக் கேட்டது சோறு அன்று, ‘ஃபேன்’ கேட்டனர். சோறு வடித்த கஞ்சிக்கு வங்காள மொழியில் வழங்கும் சொல் அது. மறு ஆண்டு நகரில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தபோது, அதற்குரியோர் நகரவாசிகளே. பட்டியலில் யார் இருக்கிறார் என்பது உயிர்க்கேள்வி என்பதை வங்கம் அன்றே அறிந்தது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2013இல், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கிராம மக்களில் 75 விழுக்காட்டினரும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரும் வரை இதன்கீழ் வரலாம். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். மிக வறிய அந்தியோதயா குடும்பத்திற்கு 35 கிலோ. பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத்தலைவியாக அட்டையில் இடம்பெறுவார். தானியம் கிடைக்காதவர்க்கு மாநில அரசு பணமாக ஈடு தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தொடக்கத்தில் அரிசி கிலோ 3 ரூபாய்க்கு வழங்கப்பட்டது. 2023 சனவரி முதல் விலையின்றி வழங்கப்படுகிறது.

சட்டம் அளவைச் சொன்னது, ஆளைச் சொல்லவில்லை. யார் ஏழை என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு மாநிலங்களைச் சார்ந்தது. இங்குதான் திட்டங்கள் இடறுகின்றன. வசதியுள்ளவர் பட்டியலில் நுழைவது ஒரு பிழை. வறியவர் விடுபடுவது மற்றொரு பிழை. முதற்பிழையால் அரசின் பணம் வீணாகிறது. இரண்டாம் பிழையால் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஆயினும் அலுவலகங்கள் பெரும்பாலும் முதற்பிழைக்கே அஞ்சுகின்றன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாநிலத்திற்கும் உரிய எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வரையறுக்கப்பட்டது. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இடையில் பிறந்த குழந்தைகளுக்கு வயிறு உண்டு, கணக்கில் இடமில்லை.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 1997இல் மத்திய அரசு மக்களை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் எனப் பிரித்து வழங்கத் தொடங்கியபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான பொது வழங்கலைக் கைவிடவில்லை. 2016 நவம்பரில் தேசியச் சட்டத்தை ஏற்றபோதும், கூடுதல் செலவைத் தானே ஏற்று அம்முறையைத் தொடர்ந்தது. எல்லாருக்கும் அளிக்கும்போது, ஏழையை அடையாளம் காணும் வேலையே பெருமளவு குறைந்துவிடுகிறது. மேற்கு வங்கமும் 2016இல் ‘காத்யசாதி’ திட்டத்தின் வாயிலாக, தேசியப் பட்டியலில் இடம்பெறாத பலரை மாநிலச் செலவில் சேர்த்துக்கொண்டது.

ஊர்விட்டு ஊர் வந்தவரின் நிலை 2020ஆம் ஆண்டுப் பொது முடக்கத்தில் நாடறியத் தெரிந்தது. வேலையிழந்த தொழிலாளர்களின் அட்டைகள் தொலைவிலிருந்த சொந்த ஊரில் மட்டுமே செல்லும். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ என்னும் முறை 2019இலேயே சில மாநிலங்களில் தொடங்கியிருந்தது. அதனை 2021 சூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மேற்கு வங்கமும் இணைந்தது. இதனால் தேசியப் பட்டியலில் உள்ளவர் நாட்டின் எந்த நியாய விலைக் கடையிலும் தம் பங்கைப் பெறலாம். இங்கும் ஒரு முடிச்சு உண்டு: மாநில அரசு தன் செலவில் வழங்கும் அட்டைக்கு இவ்வசதி இல்லை. தமிழ்நாட்டின் தாராளம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது.

மற்றொரு முடிச்சு விரலில் இருக்கிறது. பெரும்பாலும் கடையிலுள்ள கருவியில் விரல்ரேகை பதிந்தே வெளியூர் அட்டைக்குத் தானியம் வழங்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் பாத்திரம் துலக்கிய கையிலும் செங்கல் சுமந்த கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். எவருடைய உழைப்பு மிகுதியோ அவருடைய விரலையே கருவி அறியாமற்போவது விந்தையான கொடுமை. ஆதார் இல்லை என்பதற்காக எவருக்கும் தானியம் மறுக்கலாகாது என மத்திய அரசு 2017இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வறிவுரை ஒவ்வொரு கடைக்காரர் செவிக்கும் எட்டினால் அன்றோ பயன்?

கடைக்கு வர இயலாதவரிடம் கடையே சென்றால் என்ன? மேற்கு வங்க அரசு 2021 நவம்பரில் ‘துவாரே ரேஷன்’ என்ற பெயரில் வாயிற்படிக்கே தானியம் கொண்டு சேர்க்கத் தொடங்கியது. தேசியச் சட்டத்திற்கு அது முரணானது என 2022இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. நல்ல நோக்கமும் சட்டத்தின் சொற்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

டாலிகஞ்சில் தங்கிய அப்பெண்ணிடம் மீள்வோம். புதிய முறையில் அவள் ஊருக்குப் போக வேண்டியதில்லை. தனக்கும் கணவனுக்கும் உரிய 10 கிலோவை அருகிலுள்ள கடையில் பெறலாம். எஞ்சிய பங்கை மாமியார் ஊரில் பெறலாம். அவள் கடையின் முன் வரிசையில் நிற்கிறாள். முறை வருகிறது. வலக்கைப் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கருவியின்மேல் வைக்கிறாள். பதியவில்லை. கடைக்காரர் இடக்கையை வைக்கச் சொல்கிறார்.

சொற்பொருள்

உலை – சோறு சமைக்கக் கொதிக்கவைக்கும் நீர்
தூர்ந்து – மண் படிந்து மேடாகி
பங்கீடு – அளவிட்டுப் பகிர்ந்து வழங்குதல்
விடுபடுதல் – சேராமற்போதல்

பயிற்சி

1. ‘சட்டம் அளவைச் சொன்னது, ஆளைச் சொல்லவில்லை’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. பட்டியல் தயாரிப்பதில் நேரும் இருவகைப் பிழைகள் யாவை? அவற்றுள் பெரியது எது என நீ கருதுகிறாய்? காரணம் கூறுக.
3. விரல்ரேகை பதியாத ஒருவருக்குத் தானியம் கிடைக்க என்ன மாற்றுவழி செய்யலாம்? உணவு வழங்கல் அலுவலர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.
4. உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குடும்ப அட்டை இருப்பின், அதில் குடும்பத்தலைவராக யார் பெயர் உள்ளது எனக் கேட்டறிந்து எழுதுக.