தொப்புளில் தொடங்கிய வலி

கேள்வி: போன மாதம் நைட் ஷிப்டில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலித்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது வலி வலது அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் குத்தியது. அன்று மாலையே குடல்வாலை அறுவை செய்து எடுத்தார்கள். குடல்வால் வலப்பக்கம்தானே இருக்கிறது, வலி ஏன் தொப்புளில் ஆரம்பித்தது? வாயு கீழே இறங்கியது என்று அம்மா இன்னும் சொல்கிறார்.
— ஒரகடம் தொழிற்சாலை ஊழியர், வடக்குப்பட்டு

பதில்: மருத்துவ மாணவர்களை வாய்மொழித் தேர்வில் திணறடிக்கும் கேள்வியை நீங்கள் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அம்மாவின் வாயு. குடலுக்குள் காற்று இருப்பதும், அது நகரும்போது சுருக்கென்று பிடிப்பதும் உண்மை. ஆனால் காற்றால் வரும் வலி விட்டு விட்டு வரும். காற்று பிரிந்ததும் தணியும். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் நிலைக்காது. குடல்வாலும் நகரவில்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும், ஏறக்குறைய சுண்டுவிரல் அளவுள்ள அந்தக் குழாய் இரவு முழுக்க அங்கேயேதான் வீங்கிக்கொண்டிருந்தது. மாறியது, வலியைச் சொன்ன நரம்பு.

வயிற்றின் உட்புறத்தைப் பெரிட்டோனியம் என்ற மெல்லிய, வழவழப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது; வயிற்று உள்ளுறை என்று வைத்துக்கொள்வோம். பாதி நிரம்பிய தண்ணீர் பாக்கெட்டில் கைமுட்டியை அழுத்திப் பாருங்கள். முட்டியை ஒட்டி ஒரு படலம், வெளியே ஒரு படலம், நடுவில் கொஞ்சம் நீர். முட்டி இருக்கும் இடத்தில் குடலை நினைத்துக்கொள்ளுங்கள். குடலை ஒட்டியிருப்பது உள்படலம், வயிற்றுச் சுவரை ஒட்டியிருப்பது வெளிப்படலம். இடையில் சில தேக்கரண்டி நீர்தான். அதனால்தான் சுமார் 6 மீட்டர் சிறுகுடல் உராயாமல் வழுக்கி நெளிகிறது. சவ்வு ஒன்றுதான், ஆனால் இரண்டு படலங்களுக்கும் நரம்பு வேறு.

குடலையும் உள்படலத்தையும் கவனிக்கும் இழைகள் தன்னியக்க நரம்புகளோடு, அதாவது நம்மைக் கேட்காமலே உள்ளுறுப்புகளை நடத்தும் நரம்புகளோடு, சேர்ந்து போகின்றன. குடலை வெட்டினால் இவற்றுக்குத் தெரியாது. குடல் உப்பினாலோ இழுபட்டாலோ தெரியும். அப்போதும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலின் இழைகள் தண்டுவடத்தில் 10-ஆம் மார்பு நரம்பின் மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்பும் அதே மட்டத்தில்தான் சேருகிறது. மூளைக்குத் தோல்தான் நன்றாகப் பழக்கம். அதனால் தொப்புளைக் காட்டுகிறது.

கீழே கிடக்கும் குடல்வாலுக்கு நடுவயிற்றின் நரம்பு எப்படி வந்தது? உங்கள் ஊரில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் வந்ததுபோல, இங்கும் பழைய அடுக்குக்குப் போக வேண்டும். கருவின் 6-ஆம் வாரத்தில், வயிற்றுக்குள் இடம் போதாமல் நடுக்குடல் தொப்புள்கொடிக்குள் நீண்டு வளர்கிறது. 10-ஆம் வாரத்தில் உள்ளே திரும்புகிறது; மொத்தத்தில் 270 பாகை சுழன்றுவிடுகிறது. குடல்வால் முளைக்கும் பகுதி கடைசியாக நுழைந்து, பிறகு வலப்பக்கம் கீழே வந்து அமர்கிறது. நரம்பு மட்டும் குடல் நடுவில் இருந்த காலத்து இணைப்பிலேயே இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத பகுதி இது.

காலையில் என்ன நடந்தது? வீங்கிய குடல்வால் வெளிப்படலத்தைத் தொட்டு அதையும் அழலச் செய்தது. வெளிப்படலத்துக்கு வருவது, அதன் மேலுள்ள தசைக்கும் தோலுக்கும் வரும் அதே நரம்பு. காலில் முள் தைத்த இடம் தெரிவதுபோல் அதற்கு இடம் தெரியும். பெரும்பாலும் அது, வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்குத் தூரம். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் குறித்த புள்ளி.

வேகத்தடையை நீங்கள் கவனித்தது அருமை. பஸ் குலுங்கும்போது அழன்ற படலங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இங்கிலாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகத்தடைகளைக் கடந்து மருத்துவமனைக்கு வந்து, குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு அந்தக் குலுக்கலில் வலி கூடியிருந்தது. வேறு வயிற்று நோய்களிலும் கூடலாம், ஆகவே இது மட்டும் போதாது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்.

இந்த வரிசை எல்லோருக்கும் வராது. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தால் வலி பக்கவாட்டிலோ முதுகுப்புறமோ தெரியலாம். ஷிப்டில் யாருக்காவது தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் வந்து நின்றால் சோடாவும் பேதி மருந்தும் கொடுக்காதீர்கள். வயிற்றை நீவிவிடவும் வேண்டாம். வலி திடீரென்று குறைந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். உப்பிய குடல்வால் வெடித்தால் அழுத்தம் இறங்கி, சிறிது நேரம் சுகமாகத்தான் இருக்கும். பிறகு சீழ் உள்ளுறை முழுவதும் பரவும். அந்த இடைவேளையிலேயே 108-ஐ அழைத்துவிடுங்கள்.