கஞ்சிக்கோட்டுக் கவலையும் அட்டப்பாடிக் கணக்கும்

வாளையாறு தாண்டிக் கேரளத்துக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் வந்தால், இங்கே தமிழ் இனி எத்தனை நாளைக்கு என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கம்பெனியில் இந்தி. கவலை நியாயமானதுதான். ஆனால் மொழிகள் ஏன் சாகின்றன என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறு.

கடைசி ஆள் இறக்கும்போது மொழி இறக்கிறது என்பது அவற்றில் ஒன்று. அதைச் சரளமாகப் பேசிய கடைசி ஆளான வில்லியம் ரொசாரியோ வைப்பினில் காலமான 2010 ஆகஸ்டில், கொச்சியின் போர்த்துகீசியக் கிரியோல் என்ற கலப்பு மொழி மறைந்தது என்கிறார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகும் கத்தோலிக்கக் குடும்பங்களில் 300 ஆண்டுக்கு மேல் புழங்கிய பேச்சு அது. ஆட்சி போயும் சாகவில்லை, ஆள் குறைவு என்றும் சாகவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் வேறு மொழியில் பேசத் தொடங்கியபோதுதான் அதன் கதை முடிந்தது. ரொசாரியோவுக்கு அதை மறுபடி பேசி மகிழ ஆள் ஏது?

எழுத்து இருந்தால் பிழைக்கும் என்பதும் அப்படித்தான். சுமேரியத்துக்கு எழுத்து இருந்தது, பேச ஆளில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொன்று: மலைக்கு அந்தப்புறம் அட்டப்பாடியில் இருளர் பழங்குடியினர் பேசுவது ‘கொச்சைத் தமிழ்’ என்ற எண்ணம். இருளம் தனித் திராவிட மொழி. செக் அறிஞர் கமில் சுவலபில் 1973 முதலே அதன் இலக்கணத்தை நூலாக்கியிருக்கிறார். ஆனாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருளத்தைத் தமிழின் கீழே வைத்துத் தமிழ்த் தொகையோடு கூட்டியது. மலையாளம் நம்மை விழுங்குகிறது என்று புலம்பும் நாம் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அட்டப்பாடிப் பாடகி நஞ்சியம்மா இருளத்தில் தானே எழுதிய திரைப்பாடலைப் பாடியதற்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டதும், மொழி பிழைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். பெருமை உண்மை. ஆனால் விருது மேடை மொழியை வளர்க்காது; அங்கன்வாடிப் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே வளர்க்கும். இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பும் என்று அஞ்சித் தாய்மொழியை நிறுத்தும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. குழந்தைகளோ இரண்டு மூன்றைச் சேர்ந்தே பழகிக்கொள்கிறார்கள். கலந்து பேசுவது குழப்பமில்லை.

கஞ்சிக்கோட்டில் தமிழ் ஓய்ந்தால் அது அந்த ஊருக்குப் பேரிழப்பு. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர் பேசும் மொழி அதனால் சாகாது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. இருளவழிப் பள்ளி மலைக்கு இந்தப்புறமும் இல்லை, அந்தப்புறமும் இல்லை.