காபிக்கு முன், டெஸ்ட்டுக்குப் பின்

“50 போட்டுக்கொண்டிருந்தேன். டி.எஸ்.எச். ஏறிவிட்டதென்று 75 ஆக்கினார்கள். அடுத்த டெஸ்ட்டில் ஒரேயடியாக இறங்கிவிட்டது, மறுபடி 50.” தைராய்டு மாத்திரை போடும் ஆள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். சுரப்பிக்கு இப்படி மாதத்துக்கொரு புத்தி வருவதில்லை. மாறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மாத்திரையை விழுங்குகிற நேரமும் ரத்தம் கொடுக்கிற நேரமும். டோஸைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரோடு பேசுவதற்கு முன்னால் இவற்றை வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. தைராய்டு மந்தமானால் அதை முடுக்கிவிட பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். ஆகவே ரிப்போர்ட்டில் இந்த எண் ஏறியிருந்தால் உடம்பில் ஹார்மோன் குறைந்திருக்கிறது. “தைராய்டு ஜாஸ்தியாம்” என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் கம்மி.

பெரும்பாலான லேப்களில் இயல்பான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. எண் 10-ஐத் தாண்டியிருந்தாலோ, கூடவே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோன்) குறைந்திருந்தாலோ பொதுவாக மாத்திரை தேவைப்படும். 4-க்கும் 10-க்கும் நடுவே இருந்து ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அவசரம் வேண்டாம். கடும் காய்ச்சலிலிருந்து தேறி வரும்போது கூட டி.எஸ்.எச். கொஞ்ச நாள் ஏறி இறங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்து, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனையும் செய்து முடிவெடுப்பதே முறை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை போடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்கள் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரையும் அளவும்

மருந்தின் பெயர் லெவோதைராக்ஸின். நம் கடைகளில் தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று கிடைப்பவை எல்லாம் இதுதான். தைராய்டு சுரக்கும் அதே டி4 ஹார்மோனைத் தொழிற்சாலையில் செய்து தருகிறார்கள். “ஆயுசுக்கும் மருந்தா?” என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போன ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இல்லாததை ஈடுகட்டுகிற சிகிச்சை இது. நிறுத்தினால் குறை திரும்பி வரும்.

தைராய்டு அநேகமாக வேலையை நிறுத்திவிட்டவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வீதம் தேவைப்படும். 60 கிலோ இருப்பவருக்கு இது 100-ஐ ஒட்டி வரும். சுரப்பி பாதி வேலை செய்தால் 25, 50 போதும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். எடுத்த எடுப்பில் முழு டோஸ் கொடுத்தால் இதயம் தாங்காது. சீட்டில் மில்லிகிராமில் எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், 0.05 மில்லிகிராம் என்பது 50 மைக்ரோகிராம். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டினால், கூடியவரை பழைய பிராண்டையே கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்து ஒரு டெஸ்ட் எடுத்துவிட வேண்டும்.

விழுங்கும் விதம்

பாதிப் பிரச்சினை இங்கேதான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் கூடாது. “எதுவும்” என்பதில் காபியும் அடக்கம். டிபனுக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள் கூட, காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டம்ளர் டவரா. காபியோடு சேர்ந்தால் இந்த ஹார்மோன் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்று இத்தாலிய மருத்துவர்கள் 2008-ல் எழுதினார்கள். நம் டிகாக்ஷனுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும் என்று தோன்றவில்லை. அதில் பாலும் சேர்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது.

விடிந்ததும் காபி இல்லாமல் முடியாது என்றால் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற வீட்டில் இது நடக்காது. எந்த நேரமாக இருந்தாலும் தினமும் அதுவே இருக்கட்டும்.

அடுத்தது கூட்டாளி மாத்திரைகள். இரும்புச்சத்து, கால்சியம், இவை கலந்த சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்து எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவிடுவது எளிது. பான்டாபிரசோல் போன்ற “கேஸ் மாத்திரை”யின் சிக்கல் வேறு. அது வயிற்று அமிலத்தையே குறைக்கிறது, தைராய்டு மாத்திரை கரைய அமிலம் வேண்டும். இங்கே மணிக்கணக்கு இடைவெளி உதவாது. மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுவதை டாக்டரிடம் சொன்னால்தான் டோஸை அதற்கேற்ப வைக்க முடியும். வலிப்பு மாத்திரை, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதறத் தேவையில்லை. அன்றைக்கே நினைவு வந்தால் வயிறு காலியான நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். முழு நாளும் போய்விட்டால் மறுநாள் இரண்டாகப் போடப் பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். இதய நோயாளிகள் மட்டும் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது.

டெஸ்ட் எடுக்கும் நாள்

இந்த ஹார்மோனில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் டோஸ் மாறிய பத்தாம் நாள் ரத்தம் கொடுப்பது, வால்வைத் திறந்த கையோடு மாடித் தொட்டியில் மட்டம் பார்ப்பது போலத்தான். ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

டெஸ்ட் அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்னால் போட்டுவிட்டுப் போனால் ஃப்ரீ டி4 சில மணி நேரம் ஏறி நிற்கும். டி.எஸ்.எச். இரவில் ஏறி மதியத்தில் இறங்குகிற தன்மை கொண்டது. ஒரு முறை காலை ஏழு மணிக்கும் மறுமுறை மாலை நான்கு மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே லேப், காலையில் ஒரே நேரம்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைந்தாலே முடி கொட்டும், ஆகவே இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது சாதாரணம். பல லேப் கருவிகளில் பயோட்டின் கணக்கைக் கெடுத்து, டி.எஸ்.எச்.சை இல்லாத அளவுக்குக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் என்றால் இன்னும் முன்பே.

எண் வந்த பிறகு

டி.எஸ்.எச். ஏறியிருந்தால், மேலே சொன்னதில் எது பிசகியது என்று முதலில் யோசியுங்கள். டி.எஸ்.எச். உயர்ந்து, ஃப்ரீ டி4-ம் நன்றாகவே இருந்தால் அனுபவமுள்ள டாக்டர் சிரித்துவிடுவார். இரண்டு மாதம் விட்டு விட்டுப் போட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டவர்களின் ரிப்போர்ட் அப்படித்தான் இருக்கும். அதை மறைத்தால் டோஸ் தேவையில்லாமல் ஏறும்.

அதிக டோஸும் ஆபத்துதான். டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதல் கவலை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 4 முதல் 6 வரை இருந்தாலே போதும் என்று விடுவார்கள். எடை குறையும் என்று நம்பி தாமாகவே டோஸைக் கூட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி: சிகிச்சையில் இறங்குவது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர், அதுவும் சில கிலோதான்.

அளவு நிலைத்துவிட்டால் ஆறு மாதத்தில் ஒரு டெஸ்ட், பிறகு ஆண்டுக்கு ஒன்று போதும். முட்டைகோஸ், காலிஃபிளவரை ஒதுக்க வேண்டியதில்லை. அயோடின் உப்பே போதும், தனியாக அயோடின் மருந்து வேண்டாம். மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்கக் கூடாது, சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும்.

பிள்ளை உண்டானால்

ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர், நாள் தள்ளி டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். முதல் மாதங்களில் சிசு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. வாரத்துக்கு ஏழு மாத்திரை போட்டவரை ஒன்பதாக்கச் சொல்வது வழக்கம். டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கொரு டெஸ்ட், 30-ஆவது வாரத்தையொட்டி இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் விடக் கூடாது, தைராய்டு மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது. பிரசவமானதும் பழைய டோஸுக்குத் திரும்பி ஆறு வாரத்தில் டெஸ்ட். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மாத்திரை போடுகிறவருக்கு நெஞ்சு வலியோ சீரற்ற படபடப்போ வந்தால் அடுத்த டெஸ்ட் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்ட முதியவர் உடல் சில்லிட்டு, பேச்சுக் குழறி, எழுப்பினாலும் எழாமல் தூங்கிவழிந்தால் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை டப்பாவையும் கடைசி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.