வீக்கம் போச்சு, வலி ஏன் போகல?

கால் மடங்கி ரெண்டு மாசம் ஆச்சு. வீக்கம் இல்ல, எக்ஸ்ரேயும் நார்மல். ஆனா படி இறங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கம் சுருக்குன்னு வலிக்குது, மேடுபள்ளத்துல நடந்தா மறுபடியும் மடங்குது. உங்களுக்கு இப்படி இருக்கா?

பாதம் உள்பக்கமா மடங்கும்போது பெரும்பாலும் முதல்ல அடிபடுறது வெளிப்பக்கம், முன்னால இருக்கிற ஒரு சின்ன லிகமென்ட். ஆறின பிறகும் சில பேருக்கு அது தளர்வாவே இருக்கும். இன்னொரு சேதம் ஸ்கேன்ல தெரியாது. பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைகள் அந்த லிகமென்ட்லயும் மூட்டு உறையிலயும் இருக்கு. சென்சார் ரீடிங் தப்பா வந்தா கண்ட்ரோல் லூப் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். தசை லேட்டா இழுக்கும், கால் மடங்கிடும்.

தென் கொரியாவில் சுளுக்குன்னா அக்குபங்சர் ஊசி போட்டுக்கிறது ரொம்ப சாதாரணம். அங்கே கொரிய மருத்துவர்களுக்குத் தனிப் படிப்பு, 6 வருஷம், தனி லைசென்ஸ். 1613-ல் அச்சான ஹோ ஜுனின் 'தொங்உய் போகம்' இந்த மரபின் முக்கிய நூல். ஊசி சிகிச்சைக்கு 1987 முதல் தேசியக் காப்பீடு உண்டு.

விடாத வலிக்கு அவங்க சொல்ற காரணம் 'ஓஹ்யோல்', அதாவது அடிபட்ட இடத்துல தேங்கிப்போன ரத்தம். அதைக் கலைக்கத்தான் ஊசியும், கப்பிங்கும், மூலிகைச் சூடும். வெளிக் கணுக்கால் எலும்புக்குக் கீழே, சற்று முன்னால ஒரு பள்ளம் இருக்கும், விரலால தொட்டுப் பாருங்க. ஊசி குத்துற முக்கியமான புள்ளிகள்ல அது ஒண்ணு. நான் மேலே சொன்ன லிகமென்ட்டும் அது பக்கத்துலதான்! மூட்டைக் கையால அசைத்துச் சரிசெய்ற 'சுனா' முறையும் உண்டு, அதுக்குக் காப்பீடு வந்தது 2019-ல். தேனீ விஷத்தை ஊசியா ஏத்துற முறை மட்டும் எனக்குப் பயம்தான். அலர்ஜி இருந்தா உயிருக்கே ஆபத்து.

சரி, இதெல்லாம் வேலை செய்யுதா? கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதி 2014-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, புதுசா வந்த சுளுக்குக்கு அக்குபங்சர் பலன் தரும்னு நம்பகமான ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லுது. ஊசிக்குப் பிறகு வலி குறைஞ்சதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, அதை நான் மறுக்கல. ஆனா வலி குறைஞ்சதும் நேரா கிரவுண்டுக்கு ஓடினா, ரீடிங் இன்னும் தப்பாத்தானே இருக்கு?

அந்த சென்சாரைத் திரும்பப் பழக்குறது பேலன்ஸ் பயிற்சிதான். பல் தேய்க்கும்போது அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க. அது சுலபமானதும், சுவர் பக்கத்துல நின்னு கண்ணை மூடிப் பாருங்க. அப்புறம் தலையணை மேல. பல வாரம் விடாம செய்யணும். மூட்டு பூட்டிக்கிட்டாலோ, வீக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ எலும்பு டாக்டரைப் பாருங்க. புதுசா மடங்கி நாலு அடிகூட வைக்க முடியலன்னா, முதல்ல எக்ஸ்ரே.