மணிகள் ஒன்றாக முளைக்க வேண்டும்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் குடியிருக்கிறேன். பார்லிக்குப் பேர்போன மண் இது. வாடகைக்கு எடுத்த ஒரு தோட்டத்துண்டில் சில ஆண்டுகளாகப் பார்லி விதைத்து, நானே முளைகட்டி உலர்த்தி, வீட்டுக்குப் பீர் காய்ச்சுகிறேன். சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்ச இந்த நாட்டில் 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது.

இருபது லிட்டர் பீருக்கு நாலரை கிலோ மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வேண்டும். ஒரு கிலோ பார்லி முளைத்துக் காய்ந்தால் 800 கிராம் சொச்சம்தான் மிஞ்சும். கையால் அறுத்து அடிக்கிறவருக்குச் சதுர மீட்டருக்கு 300, 400 கிராம் மணி கிடைத்தால் நல்ல விளைச்சல். ஆக, இருபது சதுர மீட்டர் இருந்தால் ஒரு காய்ச்சலுக்குப் போதும்.

நான் போடுவது மாரிஸ் ஆட்டர். 1960-களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய இருவரிசைக் கதிர் ரகம். இன்றைய ரகங்களைவிட விளைச்சல் குறைவு. ஆனாலும் ஏல் வகைப் பீர் காய்ச்சுகிறவர்கள் இன்னும் இதைத் தேடி வாங்குகிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிராம் விதை. உரத்தில் கை சுருக்கமாக இருக்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் மணியில் புரதம் ஏறும், மாவுச்சத்து குறையும், பீர் கலங்கும். பயிரும் மழையில் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிர் ஈரத்தில் வயலிலேயே முளைவிட்டுக் காய்ந்துபோனால், அந்த மணி மறுபடி முளைக்காது. நெருக்கமாக விதைப்பதற்கும் காரணம் உண்டு: பிந்தி வெடிக்கும் தூர்களின் கதிர்கள் சிறுத்து, மற்றவற்றோடு சேர்ந்து முற்றாமல் நிற்கும். மால்ட் வேலை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. அத்தனை மணியும் ஒன்றாக முளைக்க வேண்டும். அந்த ஒழுங்கு விதைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

ஜூலை கடைசியில் அறுப்பு. அடிக்கும்போது உமி உரியக் கூடாது. பீர் காய்ச்சும்போது சாற்றை வடிகட்டித் தருவதே அந்த உமிதான். தூற்றி, சலித்து, சிறுமணிகளைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். கதிரில் கறுத்து நீண்ட எர்காட் பூஞ்சைக்கட்டிகள் கண்ணில் பட்டால் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள், அது நஞ்சு. இளஞ்சிவப்பாகப் பூசணம் பிடித்த மணியும் வேண்டாம்.

அறுத்த கையோடு முளைகட்ட முடியாது. புது மணிக்கு உறக்கம் உண்டு. சில வாரங்கள் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, நூறு மணிகளை ஈரத்தாளில் பரப்பிப் பாருங்கள். மூன்று நாளில் 95-க்குக் குறையாமல் முளைத்தால்தான் ஊறவைக்கலாம்.

ஊறவைப்பதில் எனக்குத் துணை தராசுதான். எட்டு மணி நேரம் நீரில், எட்டு மணி நேரம் வடித்துக் காற்றில் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நீரிலேயே கிடந்தால் மணிக்கு மூச்சுமுட்டும். தண்ணீர் 15 டிகிரி அளவில் இருக்கட்டும். 12 சதவீத ஈரத்தில் இருக்கும் ஒரு கிலோ பார்லி 1.6 கிலோ ஆகும்போது ஈரம் 45 சதவீதம். அங்கே நிறுத்திவிடலாம்.

அம்மா சத்துமாவுக்குக் கேழ்வரகைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது போலத்தான் இதுவும் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். பார்லிக்கு மூட்டை ஆகாது. குவிந்தால் சூடேறும், நடுவில் இருப்பது முந்தும், ஓரத்தில் இருப்பது பிந்தும். தட்டில் விரல் உயரத்துக்குப் பரப்பி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். வில்ட்ஷயரின் வார்மின்ஸ்டர் மால்ட்கூடம் 1855-இல் தொடங்கியது. இன்றும் தரையில் பரப்பிப் புரட்டித்தான் மால்ட் செய்கிறார்கள். வெள்ளரிக்காய் வாசனை வந்தால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று பொருள்.

வெளியே தெரியும் வேரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குருத்து உமிக்கு அடியில் மணியின் முதுகோடு ஊர்ந்து வளரும். நாலாம் நாள் வாக்கில் சில மணிகளைக் கீறிப் பாருங்கள். குருத்து மணியின் நீளத்தில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்து, உள்ளே இருப்பது விரலிடையில் சுண்ணாம்புப் பொடியாக மசிந்தால் பதம் வந்துவிட்டது. நடுவில் கடினமாக நெருடினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் ஈரத்தோடு சூடுபட்டால் செத்துவிடும். முதலில் 45 டிகிரியில் விசிறிக் காற்று. ஒரு கிலோ பார்லியில் தொடங்கியது 900 கிராமுக்கு வந்தபிறகுதான் 65-க்கு ஏற்றுகிறேன். கடைசியில் அடுப்பில் 80 டிகிரி, சில மணி நேரம். பிஸ்கட் வாசம் வரும். சூடு ஆறுமுன் உள்ளங்கையால் தேய்த்தால் காய்ந்த வேர்கள் உதிரும். அவை கசக்கும், சலித்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தபிறகே அரைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல். அங்கே வீட்டில் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம். ஆனால் மால்ட் வெறும் தானியம்தான், கஞ்சிக்கும் ரொட்டிக்கும் ருசி கூட்டும். மளிகைக்கடையில் கிடைக்கும் பார்லி அரிசி தீட்டியது, முளைக்காது. உமியோடு இருக்கும் விதைப் பார்லியாக, மருந்து பூசாததாகக் கேட்டு வாங்கி, ஒரு கிலோவில் தொடங்குங்கள்.