ஊர் திரும்பினாலும் பிரஷர் குளிசையை விடாதீர்கள்

வளவு துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இந்த அலைச்சலில் முதலில் மறந்துபோவது அம்மாவின் பிரஷர் குளிசைதான். முகாமில் கிளினிக் பக்கத்தில் இருந்தது. இப்போது பஸ் ஏறிப் போகவேண்டும்.

"தலைச்சுற்று இல்லை, சுகமாகத்தான் இருக்கிறேன்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளவு 140/90க்குக் கீழே நிற்பது குளிசை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் மறுபடி ஏறும். பாரிசவாதமோ மாரடைப்போ வரும்வரை தெரியாமலும் போகலாம்.

கிளினிக் கொப்பியைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். தொலைந்திருந்தால் வெறும் குளிசை மட்டையையாவது எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம். அயல்வீட்டாரின் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளை இரண்டாகப் போடவும் வேண்டாம்.

கருவாடு இல்லாமல் இப்போதைக்குச் சமையல் நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள். கருவாட்டில் உள்ளதையும் சேர்த்து, ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது. முருங்கையிலை வறை பிரஷரைக் குறைக்கும் என்பார்கள். வளவில் மரம் தப்பியிருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், குளிசையையும் போடுங்கள்.