சிஸ்டர்கள் மாற்றலாகிப் போன பிறகு

துறவற சபைகளில் மே மாதம் என்றால் மாற்றல் மாதம். மாநிலத் தலைவியிடமிருந்து கடிதம் வரும். பள்ளி திறப்பதற்குள் சிஸ்டர் பெட்டியைக் கட்டிவிடுவார். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று நீளும் மேல்மலைக் கிராமங்களில் இதன் அடி பலமாக விழும். எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவார், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்றெல்லாம் பிடிபடுவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். மாறாமல் இருப்பவர்கள் பொதுநிலையினர்: மாலை வகுப்பு எடுக்கும் ஊர்ப்பெண், ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார், மகளிர் குழுவுக்குக் கணக்கெழுதும் அக்கா.

மேல்மலையில் துறவற சபையாரோடு சேர்ந்து மாலை வகுப்புகள் நடத்தியதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். வேலையைப் பகிர்ந்துகொள்ள எல்லோரும் தயார். சாவி, கணக்கு, முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் பகிர்ந்துகொள்ளாத இடத்தில் அந்த வேலை அடுத்த மாற்றலைத் தாண்டுவதில்லை.

இது புதுமையான கோரிக்கை அல்ல. தமிழகத்தில் கத்தோலிக்கப் பணி தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த ஃபிரான்சிஸ் சவேரியார் ஒரே கரையில் தங்கியிருக்கவில்லை. ஊருக்கு ஊர் கணக்குப்பிள்ளைகளை அமர்த்தி, ஜெபம் சொல்லித்தருவதையும் அவசர நேரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதையும் அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்றும் யோசித்தார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தை அவர்களுக்காகக் கேட்டு வாங்கினார். ஊதியத்தைப் பற்றிப் பேசக் கூசும் இன்றைய பங்குகளும் கன்னியர் மடங்களும் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் பணியிலும் உபதேசியார்கள் இருந்தார்கள். 1686-இல் அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ மறவ நாட்டில் பிடிபட்டபோது உடனிருந்த உபதேசியார்களும் அதே சித்திரவதையைப் பட்டார்கள். ஓரியூருக்குப் போகிறவர்களுக்கு 1693-இல் உயிர்விட்ட அருளானந்தரைத் தெரியும். அந்த உபதேசியார்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். இந்தக் குருக்கள் எல்லோரும் சேர்ந்திருந்த இயேசு சபை 1773-இல் திருத்தந்தையின் ஆணையால் கலைக்கப்பட்டது. புதிய மதுரை மிஷனுக்காகப் பிரெஞ்சுக் குருக்கள் 1838-இல் வந்து சேரும்வரை, சாமியாரின் முகத்தையே அரிதாகப் பார்த்த ஊர்கள் ஏராளம். அங்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முன்னின்று நடத்தி, சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெபம் சொன்னவர்கள் உபதேசியார்கள்தான். அந்தப் புதிய மிஷன்தான் பிறகு 1895-இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை எழுப்பிப் பழனி மலையில் வேரூன்றியது.

திருச்சபையும் இதை எழுத்தில் ஏற்றிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏடே வெளியிட்டது. இயேசு சபையின் 34-ஆவது பொதுப் பேரவை 1995-இல் பொதுநிலையினரோடு ஒத்துழைப்பதைத் தனி ஆணையாக்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக நிறுவினார். மறு ஆண்டு மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர்.

ஏட்டில் இருப்பது மலையேறி வருவதற்குத்தான் நாளாகிறது.

முதலில் சம்பளம். சிஸ்டரின் சாப்பாடு, மருந்து, முதுமை எல்லாவற்றையும் சபை பார்த்துக்கொள்ளும். மாலை வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ‘சேவைதானே’ என்று இருவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், விடுமுறை எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். தன்னார்வமாக வருகிறவர்களுக்கும் இந்தத் தாள் அவசியம். சம்பளம் இல்லை என்பதும், பஸ் செலவை யார் தருவது என்பதும் அதில் தெளிவாக இருக்கட்டும். தாள் இருந்தால் மனத்தாங்கல் குறைகிறது. புதிதாக வரும் சிஸ்டருக்கும் நிலவரம் புரிகிறது.

அடுத்தது பணம். ஓர் ஊரில் வகுப்பின் வங்கிக் கணக்கு ஒரே ஒரு சிஸ்டரின் பெயரில் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனதும் கையெழுத்து மாறி வர மாதக்கணக்கானது. பிள்ளைகளுக்குச் சுண்டல் நின்றது, விளக்குக்கு பல்பு வாங்கக்கூட டீச்சர் தன் கைக்காசைப் போட்டார். கணக்கில் ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. வகுப்பறைச் சாவியும் அப்படித்தான். மடத்தில் மட்டுமே சாவி இருந்தால், சிஸ்டர்கள் தியானத்துக்குப் போகும் வாரத்தில் பிள்ளைகள் குளிரில் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வகுப்பு நேரத்தை ஊர் சொல்ல வேண்டும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் என்று வேலை ஓயாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் பெயர் வெளியூரிலும் பரவியது. அறுவடை நாளில் பிள்ளைகள் பூண்டு வாசம் வீசும் கையோடுதான் நோட்டைத் திறப்பார்கள். அந்த வாரங்களில் வகுப்பைச் சுருக்கி, வாய்ப்பாடும் வாசிப்பும் மட்டும் வைத்தால் வருகை குறையாது. சிஸ்டர்களுக்கு மாலை ஜெப நேரம் உண்டு, டீச்சருக்குக் கடைசி பஸ் உண்டு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால் ஒரு மணி நேரம் எப்படியும் கிடைக்கிறது.

பூம்பாறை குழந்தை வேலப்பர் ஊர். போகர் நவபாஷாணத்தில் செய்தது என்று மக்கள் நம்பும் சிலை அந்தக் கோவிலில் இருக்கிறது. தேர்த் திருவிழா நாளில் வகுப்புக்கு விடுமுறை விடுவது மரியாதை. விடுமுறையை டீச்சர் போய்க் கேட்டு வாங்கும்படி விடக்கூடாது, ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். படிப்புக்கென்று அனுப்பிய பிள்ளைக்குப் படிப்பு மட்டுமே தரப்படும் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கட்டிக் காப்பது ஊரிலேயே பிறந்து வளர்ந்த டீச்சர். வீட்டு வாசலில் நின்று அம்மாக்களிடம் பேசக்கூடியவர் அவர்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சிஸ்டர், சாமியார், டீச்சர் என்ற வேறுபாடு கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லோருக்கும் ஒன்று. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, சந்தேகம் எழுந்தால் மறைக்காமல் புகார் செய்ய வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். ‘சாமியாரைப் போய்...’ என்று தயங்கும் பொதுநிலையினருக்கு அந்தத் தாள் தெம்பு தரும்.

மடத்தார் கூடி முடிவெடுத்த பிறகு டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்வது கூட்டமாகாது. மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, டீச்சரையே முதலில் பேசவிட வேண்டும். ‘இந்தப் பையன் ஏன் நின்னுட்டான் சிஸ்டர்னா, அவங்கப்பாவுக்குக் கால் முறிஞ்சு போச்சு, இவன்தான் தோட்டத்துக்குப் போறான்’ என்ற ஒரு வாக்கியத்தில் பத்துப் படிவங்களின் தகவல் இருக்கிறது. இயேசு சபையின் பெத்ரோ அர்ரூப்பே 1980 நவம்பர் 14 அன்று தொடங்கிய அகதிகள் பணி, தமிழ்நாட்டு ஈழ அகதி முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியபோது முகாமிலேயே வாழ்ந்த இளைஞர்களை ஆசிரியராக்கியது. அவர்களுக்குப் பிள்ளைகளின் நிலைமையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாற்றல் மாதத்துக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கைபேசி எண், யார் எதில் பின்தங்கியிருக்கிறார், யாருக்கு எந்த உதவி பாதியில் நிற்கிறது என்று டீச்சர் தன் கையெழுத்திலேயே எழுத வேண்டும். ஜூன் மாதத்தில் புது சிஸ்டர் வந்ததும் இருவரும் அதை முதல் பக்கத்திலிருந்து படித்து, பிறகு வீடு வீடாகச் சேர்ந்து போகலாம். முதல் மாதத்தில் பழைய ஏற்பாடு எதையும் மாற்றுவதில்லை என்று மாநிலத் தலைவியே எழுதிக் கொடுத்துவிட்டால் டீச்சர் நிம்மதியாக வகுப்பைத் திறப்பார். மாற்ற வேண்டியவற்றை ஜூலைக் கூட்டத்தில் இருவரும் பேசிக்கொள்ளலாம்.